ஸ்கெட்ச் ஏன் அடம்பிடிக்கிறது? கன்ஸ்ட்ரெயின்ட் சிக்கல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாராமெட்ரிக் கேட் மென்பொருளில் (அளவை மாற்றினால் வடிவமும் தானாக மாறும் கணினி வரைவு மென்பொருள்) புதிதாக வரையத் தொடங்குபவர்கள் முப்பரிமாணத்தில் திணறுவது குறைவு. பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அதற்கு முந்தைய படியில்தான்: தட்டையான ஸ்கெட்ச், அதில் போடும் கன்ஸ்ட்ரெயின்ட்கள், அதாவது 'இந்தக் கோடு கிடையாக இருக்கட்டும்', 'இதன் நீளம் இவ்வளவு' என்பது போன்ற கட்டுப்பாடுகள். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

இந்தப் பதில்கள் எந்த மென்பொருளுக்கு?

உதாரணங்கள் எல்லாம் ஃப்ரீகேட் 1.0 பதிப்பை வைத்து எழுதியவை. இது 2024 நவம்பரில் வந்தது. இலவசம் என்பதால் பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் வீட்டில் 3டி பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஏற்றது. ஆனால் அடிப்படைக் கணக்கு சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர், ஃப்யூஷன், ஆன்ஷேப் எல்லாவற்றுக்கும் ஒன்றே. பெயரும் நிறமும்தான் மாறும். ஃப்ரீகேடில் எதுவும் அசையாதபடி முழுதாகக் கட்டிய ஸ்கெட்ச் பச்சையாகும், சாலிட்வொர்க்ஸில் நீலம் கறுப்பாகும்.

ஒன்றும் புதிய யோசனையில்லை இது. 1963இல் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேடிலேயே 'இந்த இரண்டு கோடும் இணையாக இருக்கட்டும்' என்று கணினியிடம் சொல்ல முடிந்தது.

எல்லா அளவும் கொடுத்துவிட்டேன். இன்னும் பச்சையாகவில்லை. எது விட்டுப்போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் இடப்பக்கப் பலகத்தில் சால்வர் (கன்ஸ்ட்ரெயின்ட்களைக் கணக்கிட்டுத் தீர்க்கும் பகுதி) என்ன சொல்கிறது என்று பாருங்கள். இன்னும் எத்தனை டிஓஎஃப் பாக்கி என்று அங்கே எண் இருக்கும். டிஓஎஃப் என்றால் டிகிரி ஆஃப் ஃப்ரீடம், அதாவது உங்கள் வரைபடம் இன்னும் எத்தனை விதத்தில் அசைய முடியும் என்பது. அந்த எண்ணைச் சொடுக்கினால் இன்னும் கட்டப்படாத கோடுகளும் புள்ளிகளும் தாமாகவே தேர்வாகும். இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியாமல், ஒவ்வொரு கோட்டையும் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதற்கடுத்த வழி இன்னும் எளிது. மவுஸால் ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழுங்கள். எது நகர்கிறதோ அதுதான் விட்டுப்போனது. முழு வடிவமும் அப்படியே சேர்ந்து நகர்ந்தால் அளவுகளில் குறையில்லை, இடம்தான் சொல்லப்படவில்லை. பத்தில் ஏழெட்டு பேர் மறப்பது இதைத்தான்: நீளம், அகலம், விட்டம் எல்லாம் கொடுத்திருப்பார்கள், ஆனால் வடிவத்தை மூலப்புள்ளியோடு எங்கும் கட்டியிருக்க மாட்டார்கள். ஒரு மூலையையோ மையத்தையோ மூலப்புள்ளியில் கோயின்சிடென்ட் செய்தால், அதாவது ஒட்டிவைத்தால், இரண்டு டிஓஎஃப் ஒரேயடியாகப் போய்விடும்.

டிஓஎஃப் கணக்கு எப்படிப் போடுவது?

இதை ஒருமுறை பேப்பரில் போட்டுப் பார்த்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்த மாதிரி.

ஒரு புள்ளிக்கு 2 (குறுக்கே, நெடுக்கே). கோட்டுக்கு இரண்டு முனை, ஆக 4. வட்டத்துக்கு மையம் 2, ஆரம் 1, ஆக 3. வில்லுக்கு அதோடு தொடக்கக் கோணமும் முடிவுக் கோணமும் சேர்ந்து 5. நீள்வட்டத்துக்கும் 5.

இனி கழிக்க வேண்டியவை. கோயின்சிடென்ட் 2 எடுக்கும். கிடை, செங்குத்து, இணை, சமம், டேன்ஜென்ட் (வளைவைத் தொட்டுச் செல்லவைப்பது), எந்த ஒரு அளவும் தலா 1. ஒரு புள்ளியைக் கோட்டின் மேல் உட்காரவைத்தால் 1. இரண்டு புள்ளிகளைச் சிமெட்ரிக் செய்தால் (ஒரு புள்ளிக்கோ அச்சுக்கோ இருபுறமும் சமச்சீராக வைத்தால்) 2.

சாதாரணச் செவ்வகத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு கோடு, 16. நான்கு மூலை கோயின்சிடென்ட், 8 போனது. இரண்டு கிடை, இரண்டு செங்குத்து, இன்னொரு 4 போனது. மீதி 4. அதில் இரண்டு இடத்துக்கு, இரண்டு அளவுக்கு. எதிரெதிர் மூலைகளை மூலப்புள்ளியைச் சுற்றிச் சிமெட்ரிக் ஆக்கி, 120 என்றும் 80 என்றும் அளவு போட்டால் பூஜ்யம். முடிந்தது.

இப்போது அதே செவ்வகத்தில் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று எதிரெதிர்ப் பக்கங்களுக்குச் சமம் போட்டுப் பாருங்கள். உடனே ரிடண்டன்ட் என்று கத்தும். கிடையும் செங்குத்துமாக மூடிய வடிவத்தில் எதிர்ப்பக்கங்கள் ஏற்கெனவே சமம்தான். தெரிந்ததையே மறுபடி சொல்லியிருக்கிறீர்கள்.

ரிடண்டன்ட் என்பதும் கான்ஃப்ளிக்ட் என்பதும் ஒன்றுதானா?

இல்லை. சொன்னதையே திரும்பச் சொன்னால் ரிடண்டன்ட். சொன்னதற்கு மாறாகச் சொன்னால் கான்ஃப்ளிக்ட்.

ஒரு தகட்டின் ஓரமாக வரிசையாக இரண்டு பகுதி: முதல் பகுதி 40, அடுத்தது 60. மொத்த நீளம் 100 என்றும் அளவு போட்டால் கணக்கு சரிதான், ஆனால் மூன்றாவது அளவு தேவையற்றது, ரிடண்டன்ட். மொத்தம் 110 என்று போட்டால் எந்தக் கோட்டாலும் அதை நிறைவேற்ற முடியாது, கான்ஃப்ளிக்ட். மொத்த அளவும் திரையில் தெரிய வேண்டும் என்றால் அதை ரெஃபரன்ஸ் அளவாக மாற்றிவிடுங்கள். அது வெறுமனே அளந்து காட்டும், எதையும் கட்டாது, டிஓஎஃப் கணக்கிலும் வராது. வரைபடத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதும் துணை அளவுக்கு நிகரானது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு முக்கோணத்தின் பக்கங்களுக்கு 50, 60, 120 என்று அளவு கொடுங்கள். டிஓஎஃப் கணக்கில் குறையே இல்லை, எதுவும் திரும்பச் சொல்லப்படவும் இல்லை. ஆனாலும் சால்வர் தோற்றுப்போகும். 50ம் 60ம் சேர்ந்தால் 110, அது 120ஐ எட்டாது. அப்படி ஒரு முக்கோணமே உலகத்தில் கிடையாது. இந்த மாதிரி இடத்தில் கன்ஸ்ட்ரெயின்ட்டை நீக்கிப் பயனில்லை. எண்ணைத்தான் திருத்த வேண்டும். பெரும்பாலும் விட்டத்துக்குப் பதில் ஆரம், அல்லது 12.0க்குப் பதில் 120 என்று அடித்திருப்பீர்கள்.

பிழைச் செய்தி ஒரு கன்ஸ்ட்ரெயின்ட்டைக் காட்டுகிறது. அதை அழித்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். முட்டிக்கொள்ளும் கூட்டத்தில் ஒருவரைத்தான் சால்வர் கை காட்டுகிறது. தப்பு அவருடையது என்று அர்த்தமில்லை. நீங்கள் கடைசியாகப் போட்ட, உண்மையிலேயே தேவையான அளவைக் காட்டலாம். உண்மையான குற்றவாளி, வரையும்போது கர்சர் பக்கத்தில் சின்னச் சின்னக் குறியாகத் தோன்றித் தானாக ஒட்டிக்கொண்ட ஒரு செங்குத்தாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது இது. செய்தியில் உள்ள இணைப்பைச் சொடுக்கி, சம்பந்தப்பட்டவற்றைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக அழிக்காமல், கன்ஸ்ட்ரெயின்ட்டைச் செயலிழக்கச் செய்யும் பொத்தானால் தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள். பிழை போய்விட்டதா? இப்போது இழுத்துப் பாருங்கள். வடிவம் நினைத்தபடி நின்றால் அணைத்ததை அழிக்கலாம். நிற்காவிட்டால் அதை மறுபடி இயக்கிவிட்டு அடுத்ததை அணையுங்கள்.

எதை வைத்துக்கொள்வது என்ற முடிவு உங்களுடையது, மென்பொருளுடையது அல்ல. பட்டறையில் அந்தப் பாகத்தை எதை வைத்து அளப்பார்கள் என்று யோசியுங்கள். இரண்டு துளைகளின் மையத் தூரம் முக்கியமென்றால் அந்த அளவு இருக்கட்டும், ஓரத்திலிருந்து வரும் இரண்டாவது அளவு போகட்டும்.

ரிடண்டன்ட்களைத் தானாக நீக்கும் அமைப்பு ஒன்றும் ஃப்ரீகேடில் உண்டு. என்னைக் கேட்டால் கற்றுக்கொள்ளும் காலத்தில் அதை அணைத்து வைப்பதே நல்லது. எது போனது என்று தெரியாமலே போய்விடும்.

ஸ்லாட் வரையும்போது டேன்ஜென்ட் போட்டால் சிக்கல் வருகிறதே?

நீள்துளை, அதாவது ஸ்லாட், கன்ஸ்ட்ரெயின்ட் படிக்க மிகச் சிறந்த பாடம். கருவியை விட்டுவிட்டுக் கையால் ஒருமுறை வரைந்து பாருங்கள்.

இரண்டு வில், 10. இரண்டு கோடு, 8. மொத்தம் 18. வில்லும் கோடும் சேரும் நான்கு முனைகளில் டேன்ஜென்ட். இங்கேதான் கவனம் வேண்டும்: வில்லின் முனையையும் கோட்டின் முனையையும் தேர்ந்தெடுத்து டேன்ஜென்ட் கொடுத்தால் அது இணைக்கவும் செய்யும், தொடவும் வைக்கும், ஒவ்வொன்றும் 3 எடுக்கும். முதலில் கோயின்சிடென்ட் போட்டுவிட்டு, அப்புறம் வில்லையும் கோட்டையும் முழுதாகத் தேர்ந்தெடுத்து டேன்ஜென்ட் கொடுப்பது வேறு வகை. சால்வர் அதில் தடுமாறும். புதிய பதிப்புகள் இதைக் கண்டுபிடித்துத் தாமே முனை வகைக்கு மாற்றிவிடுகின்றன, பழையவை செய்வதில்லை.

ஆக நான்கு முனைக்கு 12 போய், மீதி 6. ஏன் 6? இன்னும் இரண்டு வில்லின் ஆரமும் வேறுவேறாக இருக்கலாம், பேரிக்காய் மாதிரி. ஆரங்களுக்குச் சமம் போட்டால் 5. மேல்கோட்டுக்குக் கிடை போட்டால் 4. இப்போது கை தானாகக் கீழ்க்கோட்டுக்கும் கிடை போடப் போகும். போட்டால் ரிடண்டன்ட். இரண்டு கோடும் கிடையாக இருந்தாலே ஆரங்கள் சமமாகிவிடும். ஆரங்கள் சமமாகி ஒரு கோடு கிடையானால் மற்றது தானாகக் கிடையாகிவிடும். மூன்றில் ஏதாவது இரண்டு போதும்.

மீதி 4: மையங்கள் இரண்டையும் மூலப்புள்ளிக்குச் சிமெட்ரிக் ஆக்கினால் 2, மையத் தூரம் 1, ஆரம் 1. பச்சை.

கணக்குப்படி பூஜ்யம் வருகிறது. ஆனால் இழுத்தால் இன்னும் நகர்கிறது. எப்படி?

நல்ல கேள்வி. கழித்தல் கணக்கு பொய் சொல்லும் இடம் இது.

தகட்டில் நான்கு துளை, நான்கு மூலையில் ஒன்றாக. மையங்களுக்கு மொத்தம் 8 டிஓஎஃப். மேலே உள்ள இரண்டையும் செங்குத்து அச்சைச் சுற்றிச் சிமெட்ரிக், கீழே உள்ள இரண்டையும் அதே மாதிரி, வலப்பக்க இரண்டையும் கிடை அச்சைச் சுற்றி, இடப்பக்க இரண்டையும் அதே மாதிரி. நான்கு சிமெட்ரிக், தலா 2, மொத்தம் 8. 8க்கு 8 சரியாகிவிட்டது அல்லவா? இல்லை. முதல் மூன்றைச் சொன்னதுமே நான்காவது தானாக உண்மையாகிவிட்டது. ஆகவே உபயோகமானது 6தான், மீதி 2 திரும்பச் சொன்னது. ஃப்ரீகேட் ஒரே நேரத்தில் ரிடண்டன்ட் என்றும் சொல்லும், 2 டிஓஎஃப் பாக்கியும் வைத்திருக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் பயப்பட வேண்டாம், இதுதான் காரணம்.

நான்காவது சிமெட்ரிக்கை எடுத்துவிட்டு, ஒரு துளையின் மையத்துக்கு அச்சுகளிலிருந்து கிடைத் தூரமும் செங்குத்துத் தூரமும் கொடுங்கள். துளை விட்டத்துக்கு மூன்று சமம், ஒரு அளவு. தீர்ந்தது.

அளவை மாற்றினால் வடிவம் புரண்டு, முறுக்கிக்கொள்கிறது. ஏன்?

சால்வர் வடிவியல் தெரிந்த டிராஃப்ட்ஸ்மேன் அல்ல. அது சமன்பாடுகளை எண்களால் தீர்க்கும் நிரல். இப்போது கோடுகள் எங்கே இருக்கின்றனவோ அங்கிருந்து தொடங்கி, படிப்படியாக நகர்ந்து, எல்லாச் சமன்பாடும் ஒத்துப்போகும் ஒரு நிலையைத் தேடுகிறது. ஃப்ரீகேடில் அதற்கான இயல்பான வழிமுறையின் பெயர் டாக்லெக். சமன்பாட்டுக்கு இரண்டு விடை இருந்தால், உங்களுக்கு வேண்டியதைத்தான் தேர்ந்தெடுக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஒரு புள்ளி ஒரு கோட்டிலிருந்து 20 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்றால், கோட்டின் இந்தப் பக்கமும் 20தான், அந்தப் பக்கமும் 20தான்.

100ஐ ஒரே அடியாக 8 ஆக்கினால் புரளும். 60, 30, 8 என்று இறக்கினால் பெரும்பாலும் புரளாது. அதே காரணத்தால்தான், முதலில் வரையும்போதே ஏறத்தாழச் சரியான அளவிலும் உருவத்திலும் வரையச் சொல்வது. 5 மி.மீ. பாகத்தைத் திரையில் 300 மி.மீ. அளவுக்கு வரைந்துவிட்டு முதல் அளவைக் கொடுத்தால், மீதி எல்லாம் சின்னாபின்னமாகும்.

அடிக்கடி புரளும் இடத்தில் கோட்டுக்குத் தூரம் என்பதை எடுத்துவிட்டு அச்சிலிருந்து கிடை அல்லது செங்குத்துத் தூரமாகக் கொடுங்கள். அதற்குத் திசை உண்டு. தூரம் பூஜ்யம் என்று அளவு போடுவதையும் தவிருங்கள். புள்ளி கோட்டில் உட்கார வேண்டும் என்றால் அதற்கென்றே கன்ஸ்ட்ரெயின்ட் இருக்கிறது. கோணம் 180 என்பதற்கும் இதே கதைதான்.

ஸ்கெட்ச் பச்சை. ஆனாலும் பேட் செய்ய (ஸ்கெட்ச்சை முப்பரிமாணமாக உயர்த்த) மறுக்கிறது.

பச்சை என்றால் எதுவும் அசையாது என்று மட்டுமே பொருள். வடிவம் மூடியிருக்கிறது என்று பொருளல்ல. இரண்டு முனைகள் ஒரே இடத்தில் இருப்பதுபோலத் தெரியும், அளவுகளும் அப்படித்தான் சொல்லும், ஆனால் நடுவில் கோயின்சிடென்ட் இருக்காது.

ஸ்கெட்ச்சை மூடிவிட்டு, ஸ்கெட்ச் மெனுவில் வேலிடேட் என்ற கருவியைத் திறங்கள். விட்டுப்போன கோயின்சிடென்ட்களைத் தேடும் பொத்தான் அதில் இருக்கிறது. கண்டுபிடித்ததைச் சரிசெய்யவும் செய்யும். திறந்த முனைகளை அடையாளமிட்டும் காட்டும். சகிப்பு அளவை முதலில் மிகச் சிறிதாக வைத்துத் தேடுங்கள். எடுத்தவுடன் பெரிதாக வைத்தால் தனித்தனியாக இருக்க வேண்டிய புள்ளிகளையும் ஒட்டிவிடும்.

அதிலும் கிடைக்காவிட்டால் ஒரு கோட்டின் மேலேயே இன்னொரு கோடு படுத்திருக்கும். இரட்டைக் கோட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. இடப்பக்கப் பட்டியலில் கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். நான்கு பக்கத்துக்கு ஐந்து கோடு இருந்தால் விஷயம் புரிந்துவிடும். வெளிவிளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்வட்டம், நடுவில் வந்து முட்டி நிற்கும் கோடு இவையும் பேடைக் கெடுக்கும். உதவிக்காக வரைந்த கோடுகளைக் கன்ஸ்ட்ரக்‌ஷன் கோடாக (பேடில் சேராத துணைக்கோடாக) மாற்றிவிடுங்கள்.

முதல் பேடில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். அதன் மேல் வரைந்த ஸ்கெட்ச் எங்கோ போய்விட்டது.

இது ஸ்கெட்ச்சின் தவறல்ல. வேறு பாகத்தின் விளிம்பை எக்ஸ்டர்னல் ஜியாமெட்ரியாக இழுத்து வந்து அதோடு கட்டியிருப்பீர்கள். மென்பொருள் உள்ளுக்குள் அந்த விளிம்பை 'விளிம்பு 7' என்ற மாதிரிதான் நினைவில் வைத்திருந்தது. நீங்கள் ஒரு ஃபில்லட் (மூலை வளைவு) போட்டதும் விளிம்புகள் மறுபடி எண்ணப்பட்டு, 7 என்பது வேறெங்கோ போய்விடும். டோபாலஜிகல் நேமிங் பிரச்சினை என்று இதற்குப் பெயர். ஃப்ரீகேடின் தீராத தலைவலியாக நெடுநாள் இருந்தது. ரியல்தண்டர் என்ற பெயரில் இயங்கும் நிரலாளர் தன் தனிக்கிளையில் எழுதிய தீர்வை அடிப்படையாக வைத்து 1.0இல் பெருமளவு சரிசெய்திருக்கிறார்கள். முழுக்க ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன்.

முடிந்தவரை ஸ்கெட்ச்சை மூலத் தளங்களிலும் டேட்டம் தளங்களிலும் (நீங்களே அமைக்கும் துணைத் தளங்கள்) வையுங்கள். ஃபில்லட், சாம்ஃபர் (மூலைச் சரிவு) எல்லாம் கடைசியில். விளிம்பைக் கட்டாயம் இழுக்க வேண்டுமென்றால், பேடின் விளிம்பைவிட அந்தப் பேடைப் பெற்ற ஸ்கெட்ச்சின் கோட்டை இழுப்பது பாதுகாப்பு.

இரண்டு எக்ஸ்டர்னல் கோடுகளுக்கு நடுவே கட்டும் அளவு போட முடியாது. இரண்டும் வெளியே ஏற்கெனவே தீர்மானமானவை, உங்களால் நகர்த்த முடியாது. ரெஃபரன்ஸ் அளவு மட்டும் போடலாம்.

டிஎக்ஸ்எஃப் கோப்பை (வேறு மென்பொருளிலிருந்து வரும் வரைபடக் கோப்பு) இறக்கினேன். நூற்றுக்கணக்கில் டிஓஎஃப். எல்லாவற்றையும் கட்டணுமா?

வேண்டாம். அந்த வடிவத்தை இனி மாற்றப் போவதில்லை என்றால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து பிளாக் கன்ஸ்ட்ரெயின்ட் போடுங்கள். இருந்த இடத்தில் உறைந்துவிடும். லோகோ, எழுத்து, வளைந்த ஸ்ப்லைன்கள் எல்லாவற்றுக்கும் இதுவே போதும். மாற்றப் போகிறீர்கள் என்றால், அதைப் பின்னணியில் வைத்துக்கொண்டு மேலே புதிதாக வரைவதே சீக்கிரம் முடியும்.

எல்லா ஸ்கெட்ச்சும் பச்சையாகத்தான் இருக்க வேண்டுமா?

கட்டாயமில்லை, டிஓஎஃப் பாக்கியிருந்தாலும் பேட் ஆகும். ஆனால் பின்னால் ஓர் அளவை மாற்றும்போது கட்டாத கோடு எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. இன்னொருவருக்கு அனுப்பப் போகும் பாகமென்றால் பச்சையாக்கிவிட்டே அனுப்புங்கள். பச்சை வேண்டுமே என்பதற்காகக் கண்டபடி லாக் (புள்ளியை இருக்கும் இடத்திலேயே பூட்டும் கன்ஸ்ட்ரெயின்ட்) போட்டு முடிப்பது மட்டும் வேண்டாம். அதற்குக் கட்டாமல் விடுவதே மேல்.

ஸ்கெட்ச் திறந்தாலே கணினி திணறுகிறது.

ஒரே ஸ்கெட்ச்சில் எல்லாவற்றையும் திணித்திருப்பீர்கள். மூலை வளைவுகளை ஸ்கெட்ச்சிலிருந்து எடுத்து, முப்பரிமாணத்தில் ஃபில்லட்டாகப் போடுங்கள். முப்பது துளை வரைந்திருந்தால், ஒரு துளை மட்டும் வைத்து பேட்டர்ன் செய்யுங்கள், அதாவது அதையே வரிசையாக நகலெடுங்கள். வெளி உருவத்துக்கு ஒரு ஸ்கெட்ச், துளைகளுக்கு ஒன்று என்று பிரித்தால் பிழை தேடுவதும் சுலபம்.

அளவுகளை ஸ்ப்ரெட்ஷீட்டோடு இணைத்ததும் வட்டமாகச் சுற்றுகிறது என்று பிழை வருகிறது.

ஸ்ப்ரெட்ஷீட்டிலிருந்து ஸ்கெட்ச் அளவு எடுக்கிறது. அதே ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏதோ ஒரு கட்டம் அந்த ஸ்கெட்ச்சிலிருந்து அளவு எடுக்கிறது. கட்டங்கள் வேறுவேறாக இருந்தாலும் ஃப்ரீகேட் முழு ஸ்ப்ரெட்ஷீட்டையும் ஒரே பொருளாகத்தான் பார்க்கும், அதனால் மறுத்துவிடும். கொடுக்கும் அளவுகளுக்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட், அளந்து பார்க்கும் மதிப்புகளுக்கு இன்னொன்று என்று வைத்தால் சரியாகிவிடும். அளவுகளுக்குப் பெயர் வைக்கும் பழக்கமும் இங்கே கைகொடுக்கும். 'கன்ஸ்ட்ரெயின்ட் 14' என்பதைவிட 'துளை_விட்டம்' என்றிருந்தால் எது எதைப் பிடித்து இழுக்கிறது என்று தேட வேண்டியதில்லை.

எதுவும் சரிவரவில்லை. அடுத்தவரிடம் எப்படிக் கேட்பது?

ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பினால் யாராலும் உதவ முடியாது; கன்ஸ்ட்ரெயின்ட் சிக்கல் படத்தில் தெரியாது. கோப்பையே அனுப்புங்கள். அனுப்புமுன் ஒரு பிரதி எடுத்து, சிக்கல் இல்லாத பகுதிகளைப் பிரதியிலிருந்து அழித்துக்கொண்டே வாருங்கள். பிழை எப்போது மறைகிறதோ, கடைசியாக அழித்ததில்தான் விஷயம் இருக்கிறது. உதவி மெனுவில் ஃப்ரீகேட் பற்றிய பெட்டியைத் திறந்தால் பதிப்பு விவரங்களை நகலெடுக்கும் பொத்தான் இருக்கும். அதையும் சேர்த்து ஒட்டிவிடுங்கள். ஸ்கெட்ச்சில் கடைசியாக எதை மாற்றினீர்கள், மாற்றும் முன் எண் எவ்வளவு, பின் எவ்வளவு என்று ஒரு வரி எழுதினால், பதில் சொல்பவர் முதலில் கேட்கப் போகும் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.